செம்மண் பாதைக்கு ஒரு கவசம்

வளவனூர்க் கடைத்தெருவில் முதல் டீக்கு வெந்நீர் கொதிக்கின்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்பொழுதுகளில், சென்ற மூன்று நான்கு ஆண்டுகளாக ஒரு புதிய காட்சியைக் கண்டு வருகிறேன். பால் கேன்களும் கீரைக் கட்டுகளும் ஏற்றிய சைக்கிள்கள் மாத்திரமே ஒரு காலத்தில் நடமாடிய அந்த வேளையில், உயர்ந்த உடலும் கட்டை கட்டையான டயர்களும் கொண்ட மோட்டார் சைக்கிள்களில் ஐந்தாறு இளைஞர்கள் வந்து நின்று, தேநீர் அருந்திவிட்டு, தார்ச்சாலையை விட்டு விலகி, ஏரிக்கரை மண்பாதை வழியாகவோ, தென்பெண்ணையாற்றுப் படுகையை நாடியோ, செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் குன்றுகளை நோக்கியோ போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவன் என் தமையனாருடைய மகன்.

செஞ்சிச் சீமை வாகனமேறும் வாலிபர்களை அறியாத சீமை அன்று. 1714-இல் ஆற்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து இளம் பிராயத்திலேயே மாண்டுபோன செஞ்சியின் குதிரைவீர மன்னன் தேசிங்குராஜனின் கதையைக் கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால், பாய்ந்தோடும் வண்டியின் மேல் ஒரு பையன் நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. மனம் பூரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே கணத்தில், அவன் தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் என்ன இருக்கிறது என்று என் கண்கள் தேடத் தொடங்கிவிடுகின்றன.

சென்ற மாசி மாதத்தில் அந்தப் பையன் என்னிடம் வந்து, "சித்தப்பா, ரைடிங் ஜாக்கெட் ஒண்ணு வாங்கணும், கூட வாங்க" என்றான்.

"சட்டை வாங்க நான் எதற்கடா?" என்றேன்.

"விலையைக் கேட்டா அப்பா திட்டுவாரு. நீங்க சொன்னாத்தான் ஒத்துக்குவாரு."

துணிக்கடை விவகாரம் என்று எண்ணி இசைந்த காரியம், இரண்டு மாத காலத்து விசாரணையாக வளர்ந்துவிட்டது. அந்த விசாரணையின் பயன் ஒரு வீட்டோடு நின்றுவிடக் கூடாது என்ற ஆவலினால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். ஏனெனில், எந்த மண்ணில் விழப்போகிறோம் என்பதை அறியாமல் கவசம் வாங்குகிறவன், எந்த நோய் என்று அறியாமல் மருந்து வாங்குகிறவனுக்கு ஒப்பாவான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பிரதேசம் பார்வைக்குச் சமவெளியாகத் தோன்றினாலும், சக்கரத்துக்கு அப்படியன்று. கரும்பு வெட்டிய வயல்களில் அரையடி உயரத்துக்குச் சாய்வாக நிற்கும் கட்டைகள் ஈட்டி முனைகளுக்குச் சமானமானவை; சவுக்குத் தோப்புகளை அறுத்தெடுத்த இடங்களில் புல்லுக்குள் மறைந்திருக்கும் அடிக்கட்டைகள் அவற்றினும் கொடியவை. மல்லாட்டைக் கொல்லைகளின் வரப்புகளில் வேலிகாத்தான் முள் படர்ந்து கிடக்கும். ஆற்றுப் படுகையில் முன்சக்கரம் மணலில் புதைந்து வண்டி நின்றுவிட, ஓட்டுபவன் மாத்திரம் முன்னே போவான். திருவக்கரை, வானூர்ப் பக்கத்துச் செம்மண், கோடையில் சரளையாகி வழுக்கும். ஐப்பசி மழையில் நனைந்து வழுக்கும். செஞ்சியிலோ எங்கே விழுந்தாலும் கருங்கல்.

இந்த வீழ்ச்சிகள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு லட்சணம் உண்டு. நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவன் தாரின் மேல் நெடுந்தூரம் தேய்ந்துகொண்டே போகிறான். அவனுக்குச் சத்துரு உராய்வு. மண்பாதையில் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவன் அதிகம் தேய்வதில்லை. ஆனால் ஒரு கல்லின் மேலோ, ஒரு கட்டையின் மேலோ, தன் வண்டியின் கைப்பிடியின் மேலோ நேராக மோதுகிறான். அவனுக்குச் சத்துரு இடி. மேலும், சாலையில் வருஷத்துக்கு ஒரு முறை விழுவதே அபூர்வமாயிருக்க, மண்பாதையில் பழகுகிறவன் ஒரே காலையில் நாலைந்து முறை விழுகிறான். கடையில் தொங்கும் ஜாக்கெட்டுகளில் ஒரு ஜாதி உராய்வுக்கென்றும், மற்றொரு ஜாதி இடிக்கென்றும் பிறந்தவை என்ற இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது ஜாதியைக் கண்டால் சிலர் நகைப்பார்கள். வலைபோல் நெய்த உடலொட்டும் சட்டை; அதில் தோள், முழங்கை, மார்பு, முதுகு ஆகிய ஸ்தானங்களில் மாத்திரம் ஆமையோடு போன்ற தகடுகள். 'ஆர்மர் ஜாக்கெட்' என்று நம் பையன்கள் சொல்வது இதைத்தான். இடியைத் தாங்குவதில் இது சமர்த்தானது, காற்றோட்டமும் மிகுதி. ஆனால் அந்த வலைத்துணி தாரில் ஒரு கணமும் நில்லாமல் கிழிந்துபோகும் என்பதைக் கடைக்காரர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் உடைகளுக்கென 2020-இல் வெளிவந்த ஈஎன் 17092 என்னும் தர விதி, இவ்வகைச் சட்டையைச் 'சி' என்ற தனி வகுப்பில் வைத்து, இடித் தடுப்பை மாத்திரம் அதனிடம் எதிர்பார்க்கிறது. உராய்வைப் பற்றி எந்த வாக்குறுதியும் அந்த எழுத்துக்கு இல்லை. அதே விதியில் முழு உடைகளுக்கு 'ஏ', 'ஏஏ', 'ஏஏஏ' என்று மூன்று படிகள் உண்டு: உடம்பில் முதலில் தரையைத் தொடும் பாகங்களின் துணியைச் சுழலும் இயந்திரத்தில் கட்டித் தேய்க்கும்போது, 'ஏ' வகுப்புக்கு மணிக்கு 45 கிலோமீட்டர், 'ஏஏ'-க்கு 70, 'ஏஏஏ'-க்கு 120 என்ற வேகங்களில் அது ஓட்டையாகாமல் நிற்க வேண்டும்.

வளவனூரில் இருப்பவனுக்குச் சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. நம்மூரில் யாரும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மண்பாதையில் இறக்குவதில்லை. செஞ்சிக் கல்லை அடைய விழுப்புரம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தாரில் ஓட வேண்டும்; கரும்பு டிராக்டரும், பேருந்தும், எதிர்த் திசையில் வரும் ஆட்டோவும் நிறைந்த தார். ஆகவே, ஆர்மர் சட்டை ஒன்றை மாத்திரம் மாட்டிக்கொண்டு புறப்படுகிறவன், பிரயாணத்தின் பெரும்பாகத்தை அரைக் கவசத்தோடு கடக்கிறான். அந்தச் சட்டையை உள்ளே அணிந்து, அதன் மேல் உராய்வுக்கெனத் தைத்த தளர்வான ஒரு மெஷ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய், மண் தொடங்குமிடத்தில் மேலதைக் கழற்றிப் பையில் கட்டிக்கொள்வது ஒரு வழி. தோளிலும் முழங்கையிலும் கார்டுரா போன்ற தடித்த துணி தைத்து, மற்ற இடங்களில் மெஷ் வைத்த ஒரே ஜாக்கெட்டை வாங்கி, அதற்குள் நல்ல தகடுகளை இட்டு இரண்டு பாதைக்கும் உபயோகிப்பது மற்றொரு வழி. முன்னது சாகசக்காரர்களுக்கு, பின்னதே நம்மில் பெரும்பாலோருக்குப் பொருத்தமானது என்பது என் தீர்மானம்.

இனி, அந்தத் தகடுகளின் விஷயம். கைகால் மூட்டுகளுக்கான தகடுகளுக்கு ஈஎன் 1621-1 என்றும், முதுகுத் தகட்டுக்கு ஈஎன் 1621-2 என்றும், மார்புக்கு ஈஎன் 1621-3 என்றும் விதிகள் உள்ளன. பரீட்சை மிக எளிமையானது. ஐந்து கிலோ எடையுள்ள இரும்பை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தகட்டின் மேல் போடுகிறார்கள். அந்த இடியில் எவ்வளவு பாகம் தகட்டைக் கடந்து அடியிலுள்ள கருவியை அடைகிறது என்று அளக்கிறார்கள். முழங்கைத் தகட்டில் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு உட்பட்டால் முதல் நிலை. 20-க்கு உட்பட்டால் இரண்டாம் நிலை. ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் நூறு கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். எனவே இரண்டு நிலைகளுக்கும் இடையே எலும்பின் மேல் விழும் வித்தியாசம் ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்ளலாம். முதுகுக்கு விதி இன்னும் கடுமை: முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9.

இந்த விதியில் நம் தேசத்தாருக்கென்றே எழுதினாற்போல ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. இக்காலத்துத் தகடுகள் பல, தொட்டால் களிமண்ணைப்போல் குழைந்து, திடீரென்று அடி விழுந்தால் இறுகிக்கொள்ளும் குணமுள்ள ஒருவகை ரசாயனப் பொருளால் ஆனவை. பிரிட்டனில் பிறந்த டீ3ஓ, ஜெர்மனியின் சாஸ்டெக் ஆகியவை இவ்வினத்தில் பெயர்பெற்றவை. இப்பொருள்களின் குணம் உஷ்ணத்தாலும் குளிராலும் மாறக்கூடியது. ஆகவே, 40 டிகிரி உஷ்ணத்திலும் பரீட்சையில் தேறிய தகட்டில் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தும் அதன் அருகில் கூட்டல் குறியும் அச்சிட்டிருக்கும். கழித்தல் குறி இருந்தால் பத்து டிகிரி உறைகுளிரிலும் தேறியது என்று பொருள். கத்தரி வெயிலில் புளியமரம்கூட நிழல் தரத் தயங்கும் இந்த ஜில்லாவில், கழித்தல் குறி நமக்கு அவசியமில்லை; கூட்டல் குறி இல்லாத தகட்டை நான் வாங்க மாட்டேன்.

நாங்கள் இருவரும் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் மரியாதைக்குறைவானவர் அல்லர், நல்ல பேச்சாளர். அவர் எடுத்துக் காட்டிய ஜாக்கெட்டின் தோளும் முழங்கையும் திருப்தியாகவே இருந்தன. "முதுகிலே?" என்று கேட்டேன். "பேக்லயும் ஆர்மர் இருக்கு ஐயா" என்றார். உட்புறத்து ஜிப்பைத் திறந்து, அங்கிருந்ததை நான் வெளியே எடுத்தேன். மெத்தைக்குள் வைக்கும் பஞ்சுத் துண்டு அது. விரலால் அழுத்தினால் மறுபக்கத்து விரலைத் தொட்டது. எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. "இது வெறும் ஃபோம்தானே?" என்று பையன் கேட்டதற்கு, "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் தம்பி கொடுக்கிறான், நல்லதுன்னா தனியா வாங்கிக்கணும்" என்றார் அவர். அதில் உண்மை இல்லாமற்போகவில்லை: விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளிற்கூட முதுகுப் பையை இப்படி நிரப்பி அனுப்பும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. ஆனால், சரீரத்தின் நடுத்தூணாகிய முதுகெலும்புக்கு உரிய இடத்தில் பஞ்சை வைத்து, அதைக் கவசம் என்று வாயாரச் சொல்வது எனக்கு இன்றளவும் பொறுக்கவில்லை. கவசம் இருக்கிறது என்று நம்பி ஒருவன் பாறையின் மேல் ஏறுகிறான் அல்லவா?

தகடு நல்லதாயிருந்து, சட்டை உடம்போடு பொருந்தாவிட்டாலும் வீணே. பரிசோதனை அறையில் தகடு கருவியின் மேல் அசையாமல் கிடக்கிறது. விழும்போது அது நழுவிப் பக்கத்துக்குப் போய்விட்டால், மோதுவது வெறும் முழங்கைதான். கடைக் கண்ணாடிக்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்று, 'சரியாயிருக்கிறது' என்று வாங்குகிறவர்கள் அநேகர். மண்பாதையில் ஓட்டுபவன் அப்படி நிற்பதில்லை; கால்மிதியின் மேல் எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, முழங்கைகளை வெளிப்புறமாக உயர்த்தியபடிதான் பெரும்பொழுதைக் கழிக்கிறான். ஆகையால், ஜாக்கெட்டை முழுவதும் பூட்டிக்கொண்டு, முடிந்தால் தன் வண்டியின் மேலேயே ஏறி நின்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் முழங்கைத் தகடு மூட்டின் மேலேயே இருக்கிறதா, முதுகு இடுப்புக்கு மேலே ஏறிவிடுகிறதா, கழுத்துப் பட்டை தலைக்கவசத்தில் இடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பின்பு ஒரு சிநேகிதனை அழைத்து, முழங்கைத் தகட்டைப் பிடித்துத் திருகச் சொல்ல வேண்டும். கையைச் சுற்றி அது வந்துவிட்டால், ஒரு அளவு சிறியதாக எடுங்கள். அல்லது மேற்கையிலும் முன்கையிலும் இறுக்கும் பட்டை உள்ளதாக எடுங்கள். குளிருக்கும் மழைக்குமான உள்துணிகள் கூடவே வரும். அவற்றைக் கழற்றிவிட்டே அளவு பார்ப்பது நம் நாட்டுக்கு உசிதம்.

உஷ்ணத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது; ஏனென்றால், இந்தப் பக்கத்தில் ஜாக்கெட்டுக்கு விரோதி வெயிலே. எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் விலையுயர்ந்த ஜாக்கெட்டுகள் ஆணியில் தொங்குகின்றன. கேட்டால், "வேகுது சார்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலுக்கு உலகப் பிரசித்தி பெற்றவை. சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. உராய்வைத் தாங்குவதில் நல்ல தோலுக்கு ஈடு சொல்வது அரிது. ஆயினும், சித்திரை மாதத்து மண்பாதையில், நின்றுகொண்டு, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டியோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தோலாடை ஒரு தண்டனை. அந்த வேகத்தில் காற்றே வராது. வியர்வை வற்றிக் களைப்பு மேலிட்டவன் தவறான கணத்தில் பிரேக்கைப் பிடிக்கிறான். காப்பதற்காகப் போட்ட சட்டையே வீழ்ச்சிக்குக் காரணமாகிறது. எனவேதான் மெஷ் என்று வற்புறுத்துகிறேன். உள்ளே தடித்த பருத்திப் பனியன் வேண்டாம். அது வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். விளையாட்டுக்காரர்கள் அணியும் மெல்லிய பனியன் போதும். தண்ணீர்ப் பையை முதுகில் மாட்டுபவர்கள், அதோடு சேர்த்தே ஜாக்கெட்டை அளவு பார்க்க வேண்டும்.

இத்தனையும் வீண் பயம் என்று எண்ணுகிறவர்களுக்கு, இந்த வித்தையில் தேர்ந்தவர்களின் சரித்திரத்தைக் காட்ட விரும்புகிறேன். உலகத்திலேயே கடினமானதென்று சொல்லப்படும் டாக்கர் பந்தயத்தை முதன்முதலில் முடித்த இந்தியர், பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ்; 2015-இல், தென்னமெரிக்காவில், 36-ஆவது இடம் பெற்றார். அவரே 2021 ஜனவரியில் சவூதி அரேபியப் பாலைவனத்தில் நான்காம் நாள் ஓட்டத்தில் விழுந்து, தலையில் பலத்த காயத்தோடு, மருத்துவர்களால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று மீண்டு வந்தார். அதற்கு முந்திய ஆண்டு அவருடைய குழுவினரான போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வெஸ் அதே பாலைவனத்தில் உயிரிழந்தார். 2021 முதல், காற்றுப்பை பொருத்திய அங்கி அணியாத எவரும் அந்தப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது என்று விதி செய்யப்பட்டது. நம் ஓசூர் டிவிஎஸ் கம்பெனியின் கூட்டணிக் குழுவுக்காக ஓட்டிய ஷொர்ணூர் இளைஞர் ஹரித் நோவா, 2024-இல் தம் பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் பதினோராம் இடமும் பெற்றார். அவ்வளவு கீர்த்தி பெற்றவரே மறு ஆண்டு தொடக்க ஓட்டத்திலேயே விழுந்து காயமுற்று விலக நேர்ந்தது. விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டவன் என்று ஒருவனும் இல்லை. காற்றுப்பை அங்கி, பழகும் பருவத்தில் அவசியம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே காலையில் நாலு முறை விழுகிறவன், நாலு முறையும் அதற்குப் புது வாயுக் குப்பி மாட்டிக்கொண்டிருக்க இயலாது.

கவசத்தின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2008, 2009-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்தில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள்காரர்களை ஆராய்ந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே தைத்த ஜாக்கெட் அணிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்த வாய்ப்பு, மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது; தகடுகள் பொருத்தியிருந்தால் மேலுடம்பில் காயம் படும் வாய்ப்பும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அந்த ஜாக்கெட்டுகளிலேயே பத்துக்கு மூன்று, விபத்தில் துணி சிதைந்து தோற்றுப்போயிருந்தன. பெயர் பெற்ற பொருள் என்பதனால் மாத்திரம் நம்பிவிடலாகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மேலும், நீட்டிய கையின் மேல் விழும்போது காறை எலும்பு முறிவதையும், மணிக்கட்டு பிசகுவதையும், தோள் நழுவுவதையும் எந்தத் தகடும் முழுவதும் தடுக்காது. அந்த விசை எலும்பு வழியாகவே ஏறி வருவது. தகடு காப்பது கல் நேராகத் தாக்கும் இடத்தைத்தான். அதுவே நம் பாதைகளில் தினமும் நடப்பது.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து என் தமையனாரிடம் பேசினேன். வண்டிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. சட்டைக்கு என்றதும் சுளித்தார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பகுதிக்கு வெளியே மரநிழலில் காத்திருக்கும் தகப்பன்மார்களை அவரும் பார்த்திருக்கிறார். நான் அதை நினைவூட்டவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "முதுகுக்கும் சேத்தே வாங்கிக் குடு" என்றார். மெஷ் உடலும், தோளிலும் முழங்கையிலும் தடித்த துணியும் கொண்ட 'ஏஏ' வகுப்பு ஜாக்கெட் ஒன்றும், அதற்கு இரண்டாம் நிலை முதுகுத் தகடு ஒன்றும் வாங்கினோம். வைகாசியில் தென்பெண்ணை மணலில் அவன் முதல் தடவை விழுந்தான். இடது முழங்கைப் பக்கத்துத் துணியில் ஒரு கல் இழுத்த வெள்ளைக் கோடு இருக்கிறது, கையில் ஒன்றுமில்லை.

இந்தப் பருவத்தில் செஞ்சிக்கும் திருவக்கரைக்கும் புறப்படுகிற பிள்ளைகளே, திருவக்கரையில் கல்மரங்கள் காக்கப்படும் பூங்காவுக்குள் சக்கரத்தை விடாதீர்கள். விதைத்த கொல்லையில் இறங்காதீர்கள். ஜாக்கெட் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் முதுகுப் பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். முத்திரையும் எண்ணும் கூட்டல் குறியும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.